பீடோரில் நான் குளித்த குளியல்

“எதுல அளப்பீங்க தம்பி? டேப்பா, தராசா?”

ஈப்போவில் முதல் காலை. ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் முக்கிக்கொண்டிருந்த எனக்குப் புரை ஏறிவிட்டது. கேட்டவர் குமரேசன் அண்ணே. விடியற்காலையில் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுவார். அதை நிறுத்திவிட்டு வந்து, பகலில் எங்கள் வேலைக்குத் தன் பழைய காரை ஓட்டுவார். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். ஒரு நாட்டின் வளர்ச்சி நீடித்து நிற்குமா என்று அளக்க வந்திருக்கிறேன் என்று நானும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன்.

“கேள்வி கேட்டு அளப்போம் அண்ணே. மொத்தம் முப்பத்தொரு கேள்வி.”

“முப்பத்தொரு கேள்வியில நாட்டையே அளந்திருவீங்களா? என் பொண்டாட்டி பசியாறி முடிக்கிறதுக்குள்ள அதுக்கு மேல கேக்குறா. இருபது வருசமாச்சு, இன்னும் என்னை அளந்து முடிக்கல லா.”

கடைக்கார அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முப்பத்தொரு கேள்விகளில் நான்கை எழுதியவன் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவனும் நான்தான். அப்பா துறையூரில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். மகன் வெளிநாட்டுக்கு நாட்டை அளக்கப் போகிறான் என்று ஆலை முழுக்கச் சொல்லிவிட்டார்.

துறையூர் என்றதும் குமரேசன் அண்ணே கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். “துறையூரா? தெரிஞ்ச ஒரு அக்கா இருக்காங்க, அவங்க தாத்தா அந்தப் பக்கம்தான். உங்களப் பாத்தா விடமாட்டாங்க.” அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள். சில மலைகள் முழுசாக, உச்சியில் மரம் முளைத்து நிற்கின்றன. சில ஒரு பக்கம் கடித்து வைத்த பணியாரம் போல வெள்ளையாக வெட்டுப்பட்டு இருக்கின்றன. இரண்டாம் நாள் முழுக்க அப்படியொரு மலை தெரியும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் சென்னை நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்யும் உள்ளூர் அலுவலகம் அது. அதை நடத்துபவர் புவான் ரொஹானா. புவான் என்பது மலாய்க்காரர்கள் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்.

வேலை இதுதான். ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில், பழைய ரப்பர் தோட்டங்களில் தங்கிவிட்ட குடும்பங்களை வீடு வீடாகப் பார்த்துப் படிவத்தை நிரப்ப வேண்டும். கூரை, கழிப்பறை, அடுப்பு, பள்ளி, வேலை, சுற்றியுள்ள பசுமை, தண்ணீர். ஒவ்வொரு பதிலுக்கும் டேப்லெட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு நிறம் விழும். தண்ணீர்தான் பதினேழாம் கேள்வி. அதில் சிவப்பு வாங்கிய குடியிருப்புகளில் மூன்றுக்கு இந்த ஆண்டு புதுக் குழாயும் சுத்திகரிப்புத் தொட்டியும் வரும்.

“உங்களை ஏன் கேட்டு வாங்கினோம் தெரியுமா?” என்றார் புவான் ரொஹானா, மலாய் கலந்த ஆங்கிலத்தில். “நாங்கள் கேட்டால் அவர்கள் நல்லா இருக்கோம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தமிழில் பேசும் ஒருவரிடம் உண்மையைச் சொல்வார்கள்.”

இன்னொரு விதியும் இருந்தது. எதற்காகக் கேட்கிறோம் என்று குடும்பங்களிடம் சொல்லக் கூடாது. சொன்னால் இருப்பதை ஒளித்துவிட்டு இல்லை என்பார்கள். அந்த விதியை நான் மனதார ஒப்புக்கொண்டேன். காரணம் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பத்தாம் வகுப்பில் உதவித்தொகைக்காக என் வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். அம்மா முந்தின நாளே மிக்ஸியையும் மேசை விசிறியையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் கிழிந்த பனியனோடு வாசலில் உட்கார்ந்தார். உதவித்தொகை கிடைத்தது. அதில்தான் நான் படித்தேன். அளக்க வருகிறவன் முன்னால் ஏழைகள் வீட்டைக் குறைத்துக் காட்டுவார்கள் என்பது எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எங்கள் படிவத்தில் அதைக் கண்டுபிடிக்கக் குறுக்குக் கேள்விகளே இருந்தன. அவற்றை எழுதியதும் நான்தான்.

மூன்றாம் நாள் பீடோர்ப் பக்கம். காம்பார் தாண்டும்வரை குமரேசன் அண்ணே பாட்டு போட்டார், அதன்பிறகு பாட்டுப்பெட்டி மக்கர் செய்ததால் அவரே பாடினார். பீடோரில் சாலையோரக் கொய்யாப்பழம் வாங்கினோம். விதையே இல்லை, புளிப்புப் பொடி தூவித் தருகிறார்கள். எங்கள் ஊர்க் கொய்யாவின் கல் விதைக்குப் பழகிய பல், கடிக்க ஒன்றுமில்லாமல் ஏமாந்து போனது.

பிரதான சாலையிலிருந்து செம்மண் தடத்தில் திரும்பினால், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. இரண்டு பக்கமும், கண்ணுக்கு எட்டின மட்டும் செம்பனை. முன்பு ரப்பர் இருந்த இடம். தோட்டம் கை மாறி, மரம் மாறி, வேலையாட்களும் மாறிவிட்டார்கள். இப்போது குலை வெட்டுகிறவர்கள் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். பழைய தொழிலாளர் குடும்பங்களில் சில மட்டும், தோட்டக்காரர்கள் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயத்து வீடுகளிலேயே இருந்துகொண்டு டவுனுக்கு வேலைக்குப் போய் வருகின்றன. தோட்டமே இல்லையென்று ஆன பிறகும் அந்த இடத்துக்கு ரெண்டாம் டிவிஷன் என்றுதான் பெயர். ‘சுற்றியுள்ள பசுமை’ என்ற கேள்விக்குக் காரிலிருந்து இறங்காமலே பச்சை போட்டேன்.

குமரேசன் அண்ணே சொன்ன அக்கா அங்கேதான் இருந்தார். பிலோமினா அக்கா. பீடோரில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இவரா அளக்குறவரு? முதல்ல இவர யாராச்சும் அளந்து பாருங்க லா. எலும்பா இருக்காரு. வாங்க தம்பி, துறையூர் தண்ணி எங்க வீட்டுலயும் ஓடுதுல்ல.”

வீடு பளிச்சென்று இருந்தது. புது ஜன்னல் திரை. குளிர்சாதனப் பெட்டி. அதற்குமேல் மாதா படம், அதற்குமேல் பிளாஸ்டிக் ரோஜா. சமையலறையில் ஒரு குழாய். நான் திறந்தேன், கண்ணாடி மாதிரி தண்ணீர் கொட்டியது.

“குழாயில் தண்ணி வருதாக்கா?”

“வருது, பாக்குறீங்கல்ல.”

“போதுமான அளவு இருக்கா?”

“குளிச்சிட்டுச் சொல்லுங்க. வேர்வையில தொப்பலா இருக்கீங்க. சோறு ஆக அரை மணி நேரம் ஆகும்.”

வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. ஒரு புதுத் துண்டைக் கையில் திணித்து வீட்டுக்குப் பின்னால் அனுப்பினார். தகரம் அடைத்த குளியலறை. உள்ளே இடுப்பளவு சிமெண்டுத் தொட்டி, விளிம்பு தளும்பத் தண்ணீர்.

“கூச்சப்படாம ஊத்திக் குளிங்க தம்பி. ஊத்துற சத்தம் எனக்கு அடுப்படியில கேக்கணும்!”

எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி. கோடையில் அதுவும் அரை வாளி. குளித்த தண்ணீரை அம்மா செடிக்கு ஊற்றுவார். அப்படி வளர்ந்தவனுக்கு முன்னால் இடுப்பளவு தண்ணீர். குவளை குவளையாக மொண்டு தலையில் ஊற்றினேன். குளிர்ச்சி முதுகுத்தண்டில் இறங்கியது. பாட்டுக்கூடப் பாடினேன். துண்டை எடுக்கும்போது தொட்டியில் பாதிக்கும் கீழேதான் தண்ணீர் இருந்தது.

சோறு, கோழிப் பெரட்டல், நெத்திலிச் சம்பால். எதிர்வரிசை வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்து நான் சாப்பிடுவதை நின்று பார்த்தார்கள். ஒருவர் மற்றவரிடம், “தலை இப்பதான் காயுது பாரு” என்று சொல்லித் திருப்தியாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை. மற்ற வீடுகளில் கேள்விகளை விரைவாக முடித்தேன். எல்லோரும் தண்ணீர் வருகிறது என்றார்கள். பதினேழாம் கேள்வியில் ரெண்டாம் டிவிஷன் பச்சை.

நான்காம் நாள் காம்பார். ஈயம் தோண்டிய பள்ளங்கள் இப்போது ஏரிகளாகிக் கிடக்கின்றன. பல்கலைக்கழக மாணவர்கள் கரையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அன்று மாலை விடுதிக்கு வந்து எல்லாப் படிவங்களையும் அனுப்பினேன். அனுப்பியதும் அவை பூட்டிக்கொள்ளும். பிறகு திருத்த வேண்டுமென்றால் காரணம் எழுதி அனுமதி கேட்க வேண்டும்.

ஐந்தாம் நாள் பீடோருக்கும் தெற்கே ஓர் இடத்துக்குப் புறப்பட்டோம். செம்மண் தடம் பிரியும் இடத்தைத் தாண்டியதுமே காரின் மூக்கிலிருந்து ஆவி. குமரேசன் அண்ணே மூடியைத் திறந்து பார்த்து, “சூசா லா” என்றார். கஷ்டம்தான் என்று பொருள்; ‘லா’ அந்த ஊர்ப் பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் அசை. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

“கவலைப்படாதீங்க அண்ணே. அக்கா வீடு பக்கம்தானே. குழாய்ல கொட்டுதே.”

“வேணாம் தம்பி. யாராச்சும் கார்ல வருவாங்க, டவுன்ல போயி வாங்கிக்கலாம்.”

“எதுக்கு டவுனு? பத்து நிமிசத்துல வந்துருவேன்.”

நான் காலிப் புட்டிகளோடு செம்பனைக்கு நடுவே நடந்துவிட்டேன்.

பிலோமினா அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் மாறியது.

“என்ன தம்பி, சொல்லாம வந்துட்டீங்க?”

காருக்குத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே, உரிமையுள்ளவன் மாதிரி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். உஸ் என்று காற்று வந்தது. இருமியது. பிறகு தேயிலைச் சாயம் மாதிரி கொஞ்சம் தண்ணீர் துப்பியது. அன்று குளிர்சாதனப் பெட்டி நின்ற இடத்தில் இப்போது ஒரு வாளி இருந்தது; பெட்டியும் இரவல்தான் போலிருக்கிறது. வாளிக்குள் நூலில் கட்டிய படிகாரம் தொங்கியது, கலங்கல் அடியில் இறங்குவதற்காக. பின்கதவு வழியாகக் குளியலறை தெரிந்தது. சிமெண்டுத் தொட்டி காய்ந்து கிடந்தது.

“அக்கா, அன்னைக்கு…”

“அது அன்னைக்கு.”

பின்னாலேயே குமரேசன் அண்ணே வந்துவிட்டார். வாசலிலேயே நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “நான்தான் தம்பி ஏத்திட்டு வந்தேன். டவுன் மாதா கோயிலுக்குப் பின்னால பைப்பு இருக்கு. ஆறு தோங். வேன்ல.” தோங் என்பது நீலப் பிளாஸ்டிக் பீப்பாய். “லயத்துல எல்லாரும் சேந்துதான் தூக்கி ஊத்தினாங்க. கொஞ்சம் மேல்தொட்டியில, மிச்சம் நீங்க குளிச்சதுல.”

அப்போது நான் கேட்டதை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. “ஏன் அக்கா பொய் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“பொய்யா?” அவர் கோபப்படவில்லை, உண்மையிலேயே புரியாமல் பார்த்தார். “ஊருலருந்து ஆள் வராரு. கலங்கத் தண்ணியில குளிங்கன்னா சொல்ல முடியும்?”

“நான் கணக்கெடுக்க வரேன்னு அண்ணே சொல்லலியா?”

“சொன்னாரே. கணக்கெடுக்குறவரு குளிக்க வேணாமா? குழாய் இருக்கான்னு கேட்டீங்க, இருக்கு. தண்ணி வருதான்னு கேட்டீங்க, வந்துச்சு. நாளைக்கு வருமான்னு நீங்க கேக்கல லா.”

நாளைக்கு வருமா. நீடித்து நிற்பது என்றால் இது ஒன்றுதானே! முப்பத்தொரு கேள்விகளில் அந்த ஒரு கேள்வி இல்லை. பொறுக்க முடியாமல், விதியை மீறி அவரிடம் சொல்லிவிட்டேன்: சிவப்பு விழுந்த இடத்துக்குத்தான் குழாய் வரும், உங்களுக்கு நான் பச்சை போட்டு அனுப்பிவிட்டேன்.

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். “அப்ப எங்களுக்குப் பைப்பு வராதா?”

“மாத்திடுறேன் அக்கா. மாத்த முடியும்.”

“மாத்துங்க. ஆனா ஒண்ணு, நாங்க பொய் சொன்னோம்னு மட்டும் எழுதிராதீங்க. லயத்துக்கே கெட்ட பேரு.”

படிகாரம் தொங்கிய வாளியிலிருந்து அவரே மொண்டு என் புட்டிகளை நிரப்பினார். வேண்டாம் என்றேன். “காருக்குத்தானே, குளிக்கவா போகுது?” என்றார்.

ஆறாம் நாள் காலை அலுவலகத்துக்குப் போகும்போது சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக இருந்தது. உள்ளே போனதும் புவான் ரொஹானா என்னைத் திரைமுன் உட்கார வைத்தார். சென்னையிலிருந்து எங்கள் தலைவர். இவ்வளவு சுத்தமாக நிரப்பப்பட்ட படிவங்களை இதுவரை பார்த்ததில்லை என்று புவான் அவரிடம் சொன்னார். அடுத்த கட்ட வேலைக்கும் இவரையே அனுப்புங்கள் என்றார். தலைவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மதியம் புவான் எனக்காகவே ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். கோழிச்சோறும், ஈப்போவுக்குப் பேர்போன குட்டையான பருத்த முளைப்பயறும். “பட்டியலை இன்று மாலை மேலிடத்துக்கு அனுப்பிவிடுவேன்” என்றார் சாப்பிட்டுக்கொண்டே. அந்த நேரத்தில் என் வாய் நிறையச் சோறு இருந்தது. விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். விழுங்கினேன். பிறகு தண்ணீர் குடித்தேன். பிறகு அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். மதியம் முழுக்க என் மேசைக்கும் அவர் அறைக்கும் நடுவே பத்தடி தூரம். இரண்டு முறை எழுந்தேன். ஒருமுறை கழிப்பறைக்குப் போனேன், ஒருமுறை காப்பி எடுத்து வந்தேன். அரிசி ஆலையில் அப்பா சொல்லிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு காலைக் கட்டியது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்பாமேல் பழி போடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது!

ஏழாம் நாள் காலை சொன்னேன். திருத்தப் படிவத்தைத் திறந்தால் காரணத்துக்கு இரண்டே கட்டங்கள்: ‘தகவல் தந்தவர் தவறாகச் சொன்னார்’, ‘கணக்கெடுத்தவர் பிழை.’ இரண்டாவதைத் தொட்டேன். அந்த ஒன்றைத்தான் யோசிக்காமல் செய்தேன்.

புவான் ரொஹானா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நேற்று சாப்பிடும்போதே உங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியும்.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜன்னல் பக்கம் திரும்பி அந்த வெட்டுப்பட்ட மலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். பட்டியல் போய்விட்டது, மூன்று இடங்களும் முடிவாகிவிட்டன. திருத்தத்தைச் சேர்த்து அனுப்புகிறேன், அடுத்த ஆண்டு பரிசீலிப்பார்கள் என்றார். “நேற்று மாலைவரை என்றால் இது ஒரு தொலைபேசி அழைப்பு” என்று மட்டும் சொன்னார்.

எட்டாம் நாள் இரவு விமான நிலையத்துக்கு எனக்குப் பேருந்து. புறப்படுவதற்கு முன் பீடோருக்குப் போய்வர வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன்; குமரேசன் அண்ணே அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். வழியெல்லாம் அவர் பாடவில்லை. கொய்யாக் கடையில் நிறுத்தி ஒரு பை வாங்கினேன். வெறுங்கையோடு போகக் கூசியது.

பிலோமினா அக்காவிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோழிச்சோற்றையும் விடாமல் சொன்னேன். அவர் கொய்யாப் பையின் காதை முறுக்கிக்கொண்டே கேட்டார்.

“அப்ப, ஒரு நாளு.”

“ஆமாக்கா. ஒரு நாள்.”

“பயந்துட்டீங்களா?”

“ஆமா.”

“ஹ்ம்.” பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன். “அடுத்த வருசம் யாரு வருவாங்களோ. நீங்களே வந்தா, கேள்வியச் சேத்துக் கேளுங்க. இப்ப போயி குளிச்சிட்டு வாங்க, ராத்திரி பஸ்ல உக்காரணும்.”

“வேணாம் அக்கா. சத்தியமா வேணாம்.”

“எங்க வீட்டுக்கு வந்துட்டு வேர்வையோட போவீங்களா? என்னய என்னான்னு நெனச்சீங்க?”

குமரேசன் அண்ணேயைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல் காரைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். எதிர்வரிசைப் பெண்கள் இருவரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒருவர் முழங்கை இன்னும் ஈரமாக இருந்தது.

தகரக் கதவைச் சாத்தினேன். தொட்டியில் கால்வாசிக்குத் தெளிந்த தண்ணீர். அடியில் படிகாரக் கட்டி கிடந்தது. எத்தனை நாள் இறுத்தியதோ, யார் யார் வாளியோ. சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “என்ன தம்பி, ஊத்துற சத்தமே கேக்கலியே?”

“இதோ, அக்கா.”

ஒரு கை நீரில் தலைமுடியை மட்டும் நனைத்துக்கொண்டேன். பிறகு குவளையில் மொண்டு, கை எட்டும் உயரத்துக்குத் தூக்கி, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல், தொட்டிக்குள்ளேயே திரும்ப ஊற்றினேன். சத்தம் தகரத்தில் நன்றாக எதிரொலித்தது. மறுபடி மொண்டு ஊற்றினேன். மறுபடியும்.

“ஹா, அப்படி!” என்றார் அக்கா.